சுவரில் இருந்தால் சாமி, புத்தகத்தில் இருந்தால் ஆபாசமா?

திருநங்கை என்றால் யார், திருநம்பி என்றால் யார், ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் உண்டா என்பவைகளை 13, 14 வயதுப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகங்களின் மூலம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் பலர் காதைப் பொத்திக்கொள்ளுகிறார்கள். “பிள்ளைகள் கெட்டுப்போகும்” என்பது ஒன்று, “இது சீமைச் சரக்கு” என்பது மற்றொன்று. இவைதான் அவர்களது ஆட்சேபணைகள். இவற்றில் கடுகளவாவது அறிவு இருக்கின்றதா என்று பார்ப்போம்.

இப்பெரிய மனிதர்களின் வீட்டுச் சுவரில் பாதி ஆணும் பாதி பெண்ணுமான அர்த்தநாரீஸ்வரர் படம் தொங்குகின்றது. ஆண் கடவுள் மோகினியாகி மற்றொரு ஆண் கடவுளோடு கூடிப் பிள்ளை பெற்ற கதையைப் பாட்டி 5 வயதுக் குழந்தைக்குச் சொல்லுகிறாள். அந்தப் பிள்ளையைக் கும்பிட வருஷந்தோறும் மாலை போட்டு மலை ஏறுகிறார்கள். இதிலெல்லாம் கெடாத குழந்தை, உள்ளதை உள்ளபடி சொல்லும் புத்தகத்தைப் பார்த்ததும் கெட்டுவிடுமாம்! சாமிக்கு வந்தால் திருவிளையாடல், சொந்தப் பிள்ளைக்கு வந்தால் குடும்பத்துக்கு அவமானமா என்று கேட்கின்றோம்.

படம் பார்த்துச் சுபாவம் மாறுவது உண்மையானால், ஆணும் பெண்ணும் காதலிப்பதையே ஓயாமல் காட்டிவரும் சினிமாக்கள் இவர்களை எப்போதோ மாற்றியிருக்க வேண்டாமா?

நிற்க, சீமைச் சரக்கு என்பதைக் கவனிப்போம். ஆண்மை திரிந்தவரை எச்சொல்லால் குறிப்பது என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கின்றது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377-வது பிரிவோ 1860-ல் வெள்ளைக்காரன் செய்த பீனல் கோடில் வந்தது. வயது வந்தோர் மனமொத்து வாழ்வதற்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்பளித்து விட்டது. அப்படியிருக்க, சீமைச் சரக்கைத் தலையில் சுமந்து திரிகின்றவர்கள் யார்?

இந்த அறியாமைக்கு விலை கொடுப்பது பிள்ளைகள். நடையிலும் பேச்சிலும் வித்தியாசப்பட்ட பையனுக்குப் பள்ளியில் கேலி, வீட்டில் அடி, மந்திரவாதியிடம் வேப்பிலை, கடைசியில் “மாற்றிவிடுகிறேன்” என்கிற வைத்தியன். படிப்பை விட்டு வீட்டை விட்டு ஓடினபிறகு தாயார் அழுது என்ன பயன்?

பெற்றோருக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் தமக்கு இவ்விஷயத்தில் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் பாடம் கேட்டார். பிறகே 2021 ஜூன் 7-ந் தேதி, மேற்படி “மாற்றும்” வைத்தியத்தைத் தடுத்தும், பள்ளிப் பாடங்களில் இதைப் புகுத்தச் சொல்லியும் உத்தரவிட்டார். நீதிபதி படிக்கலாம், நம் பிள்ளைகள் படிக்கக்கூடாதா? அதே வருஷத்தில் என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்கென்று தயாரித்த கையேட்டை வெளியிட்டதும், கூச்சல் கிளம்பவே எடுத்துவிட்டது. கூச்சலுக்குப் பயந்தால் கல்வி ஏது?

சென்னைத் துலிகா பதிப்பகம் 2019-ல் கனக் சசி எழுதிப் படம் வரைந்த குட்லி என்னும் குழந்தையின் கதையை வெளியிட்டது. ஊரார் பையன் என்கின்ற குட்லி, தன்னைப் பெண் என்கின்றது. கவுன் போட ஆசைப்படுகின்றது. முதலில் கண்டித்த தாயே பிள்ளையின் வாட்டத்தைப் பொறுக்காமல் கவுனைக் கொடுக்கிறாள். இதில் ஆபாசம் எங்கே? சிறு குழந்தைகளுக்கு இருப்பதுபோல் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தமிழில் மலிவு விலையில் படப்புத்தகங்கள் வரவேண்டும்.

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு இப்புத்தகங்களை வாங்கும்படி எழுதிக் கொடுங்கள். பள்ளி ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். பிள்ளையை நாளைக்குத் தெருவில் தேடுவதைவிட, இன்றைக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பது மேலல்லவா?