மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் பில்லைப் படிக்கலாம்

மகளின் பிறந்தநாளுக்கு இந்திராநகரில் ஒரு பாஸ்தாக் கடைக்குப் போயிருந்தோம். பழைய வீடு ஒன்றைக் கடையாக மாற்றியிருக்கிறார்கள். சுவரெல்லாம் ஓவியம், மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி. தங்கமணிக்கும் எனக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஒயின், நந்தி மலைப் பக்கத்துத் திராட்சையாம். அது என்ன ஜூஸ் என்று ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை :-) பாஸ்தாவை மட்டும் "தக்காளித் தொக்குல புரட்டின சேமியா மாதிரி இருக்கேடா" என்றார்.

விலை என் புகார் அல்ல. அது மெனுவில் அச்சடித்திருந்தது, பார்த்துத்தான் உட்கார்ந்தோம். கலைநயத்துக்கு இவ்வளவு என்று கேட்டால், விருப்பப்பட்டவன் கொடுக்கிறான். காந்தி பஜார் வித்யார்த்தி பவனிலும்தான் சுவரில் கன்னட இலக்கியவாதிகளின் படங்கள் தொங்குகின்றன, அங்கே மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வரவும் வழியிருக்கிறது.

புகார் பில்லில். சாப்பாடு 2,600, ஒயின் 1,400, ஆக 4,000. அதன்மேல் 'சர்வீஸ் சார்ஜ்' 10 சதவீதம், 400. சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 130, சரி. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதையும் ஒழுங்காகவே விட்டிருந்தார்கள். ஆனால் அந்த 400-க்கும் ஜிஎஸ்டி 20 போட்டிருந்தார்கள். மொத்தம் 4,550.

பி.காம் படித்து, இருபது வருடமாக வங்கியில் மற்றவர்களின் வவுச்சரில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த நானே கார்டை எடுத்து நீட்டப் போனேன். ஏன்? பக்கத்து மேசையில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார்கள். கூச்சம். அவ்வளவுதான்.

அன்று காலையில்தான் ஹலசூரு மார்க்கெட்டில் கீரைக்கார அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டியிருந்தேன். ஆட்டோக்காரர் ஒன்றரை மீட்டர் கேட்டால் நடுரோட்டில் சண்டை போடுகிறோம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மட்டும் ஊமையாகிவிடுகிறோம். நம் நேர்மையெல்லாம் ஏழைகளிடம்தானா?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதையும் சேர்த்து ஜிஎஸ்டி போடக் கூடாது. அதே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு 2025 மார்ச் 28-ல் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, உணவகச் சங்கங்களின் மனுக்களைத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையோடு தள்ளுபடி செய்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன, போகட்டும்.

"அது பாவம், சர்வர் பசங்களுக்குத்தானே போகுது" என்பார்கள் நம்மவர்கள். போகிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? பில்லில் ஏறிய பணம் முதலாளியின் கணக்குக்குத்தான் போகிறது. அங்கிருந்து பையனுக்கு எவ்வளவு என்பது அவர் இஷ்டம். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. விலையை ஏற்றி மெனுவிலேயே போடட்டும், யார் வேண்டாமென்றார்கள்?

எங்களுக்குப் பரிமாறிய பையன் மணிப்பூர்க்காரன். 2012 ஆகஸ்டில் ஒரு வதந்தியைக் கேட்டு வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊரிலிருந்து ரயிலேறினார்கள். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது நாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பிழைக்க வந்தவனின் பயம் நமக்குத் தெரியாததா? அதனால் அவனிடம் குரல் உயர்த்துவதில் வீரம் இல்லை. பில் போட்டது அவனல்ல.

மேலாளரைக் கூப்பிட்டு, "இந்த வரியை எடுத்துடுங்க" என்று சாதாரணமாகச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் எடுத்தார். புது பில் 4,130. மறுத்திருந்தால் 1915-க்கு அழைத்திருப்பேன், அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண்.

கிளம்பும்போது அந்தப் பையன் கையில் முந்நூறு ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் யோசிச்சே?"

அடுத்த நாள் கீரைக்கார அம்மாவிடம் பேரம் பேசவில்லை.