பார்த்துப் பழகிய கை

திருவில்லிபுத்தூர் நந்தவனத்தை நினைக்கும்போதெல்லாம், தந்தையார் மாலை தொடுக்க, அருகில் அமர்ந்து பார்த்திருந்த கோதையே அடியேன் கண்முன் நிற்கிறாள். துளசியும் பூவும் பறித்து, மாலை கட்டி, வடபத்ரசாயிக்குச் சாத்துவதே பெரியாழ்வார் கைங்கர்யம். அதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்திற்குத் திருமலை செல்கிறது. திருப்பாவையிலும் ஆயர்பாடிப் பெண்கள் நோற்ற நோன்பைத் தானும் அவர்களைப் போலவே நோற்றாள். உரையாசிரியர்கள் இதனை ‘அநுகாரம்’ என்பர்.

பிறரைப் பார்த்துக் கற்கையில் மூளைக்குள் நிகழ்வது என்ன? 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து எழுதினர். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையினுள் மெல்லிய மின்கம்பிகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளைச் சீட்டு ஆடச் செய்தனர். (சீட்டாட்டமா என்று முகம் சுளிக்க வேண்டா, ஆய்வுக்காக ஆடியது.) தாம் ஆடியதோடு, வேறு இருவர் ஆடுவதையும் அந்நோயாளிகள் பார்த்திருந்தனர். அப்போது நெற்றிக்குப் பின்னே, மூளையின் உட்புறத்தில் உள்ள சில நரம்பணுக்கள், அடுத்தவருக்கு வெற்றியா தோல்வியா என்று முன்கூட்டியே கணித்தன. நடந்தது அக்கணிப்பினின்று எவ்வளவு விலகியது என்பதையும் குறித்துக்கொண்டன. ஆக, வெறுமனே பார்த்திருப்பவருக்கும் உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் பக்கத்தாருக்கு இது வியப்பாக இராது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலை நேரில் கண்டு கற்றுத் திரும்பியதிலிருந்துதான் இன்றைய சிவகாசி வளர்ந்தது.

சென்ற மார்கழியில் பேரனுடன் ஆண்டாள் சந்நிதிக்குச் சென்றேன். வாசலில் பூக்காரம்மாளிடம் முழத்திற்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கடுமையாகப் பேசிவிட்டு, உள்ளே போய்க் கைகூப்பினேன். அவனும் கைகூப்பினான். நான் தலை சாய்க்கும் விதம்கூட அப்படியே அவனிடம் இருந்தது. உள்ளம் குளிர்ந்தது.

அன்று மாலை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளை அவன் அதட்டினான். சொல்லும் குரலும் என்னுடையவை. காலையில் பூக்கடையில் ஒலித்தவை.

“பெரியவர்களிடம் இப்படியா பேசுவது?” என்றேன். அவன் விடை கூறவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் பூ வாங்கப் புறப்பட்டபோது, அவனையும் எழுப்பி உடன் அழைத்துச் சென்றேன்.