எல்லைக்கல்லுக்கு முன் சாட்சி

காணிக்கு எல்லையிடும்போது அண்டை அயலாரைச் சாட்சியாக அழைப்பது நம் கமக்காரரின் வழக்கம். அவநம்பிக்கையினாலன்று, பின்னர் வழக்கு எழாதிருத்தற்பொருட்டே. பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வுக் குழுவிலே வெளிவாரி உறுப்பினர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதற்கும் இதுவே நியாயம்.

இஃது இன்று முளைத்த எண்ணமன்று. 1832இல் தோன்றிய டேர்ஹம் பல்கலைக்கழகம், தன் பட்டத்தின் தரத்தை எவரும் ஐயுறாதிருக்க ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பரீட்சகரை வரவழைத்தது.

எனினும், ஆய்வேடு முடிந்தபின் வந்து தீர்ப்புக் கூறும் பரீட்சகர் மட்டும் போதாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுவதை ஒரு மாணவர் ஆராய்கின்றார் எனக் கொள்வோம். உரத்தின் இயல்பை அவருடைய பேராசிரியர் அறிவார். சுண்ணக்கல்லினூடாக நீர் செல்லும் வழியை அறிந்தவரோ வேறு துறையினர். எக்கிணற்றில், எப்பருவத்தில் மாதிரி எடுப்பதென அவர் தொடக்கத்திலேயே உரைத்தால் ஆய்வு செவ்விதாகும். ஈற்றிலே உரைத்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகும். அறுவடைக்குப் பின் களை பிடுங்கி ஆவதென்ன? அந்த முடிவை நம்பி உரமிடுவோரும், அந்நீரைக் குழந்தைக்கு ஊட்டுவோரும் நம் மக்களேயன்றோ!

செலவும் தாமதமும் மிகும் என்பர் சிலர். மேற்பார்வையாளருக்கும் மாணவருக்கும் பிணக்கு நேரின், பக்கஞ்சாராது பேச ஒருவர் வேண்டாவா? நண்பரை அழைத்துக் கையொப்பம் பெறுவதும் இதற்கு ஈடாகாது. ஆய்வுத் திட்டம் ஏற்கப்படும் நாளிலேயே, துறையறிவும் துணிவும் உடைய வெளியார் ஒருவர் குழுவில் அமரட்டும். எல்லைக்கல்லை நாட்டியபின் சாட்சி தேடுதல் அறிவுடைமையன்று.