வண்டிக்கு வகுத்த விதி

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க இராணுவம் 850-5 என்னும் இலக்கமுடைய விதிக்கோவையின் பதிப்பொன்றை வெளியிட்டது. உடை, தளபாடம், வாகனம் முதலியவற்றில் எக்குறிகள் எவ்வாறு பொறிக்கப்படல் வேண்டும் என்பதே அதன் பொருள். பதிவிலக்கம் வண்டியின் எப்பாகத்தில் அமைய வேண்டும், எழுத்துக்கள் எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும், நட்சத்திரக் குறியை எவ்விடத்திற் பொறிக்க வேண்டும், பம்பரில் படைப்பிரிவின் பெயர் எவ்வரிசையில் வர வேண்டும் என்பன அதில் வகுத்துரைக்கப்பட்டன. உலகமே தீப்பற்றி எரிந்த வேளையில் அங்குலக் கணக்கில் இத்துணை அக்கறை!

இத்தகைய விதிகளைக் கண்டு நகைப்பது எளிது. நகைத்துவிட்டு அப்பாற் செல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. ஓர் அமைப்பு எதை மதிக்கிறது, எதை மதிப்பதில்லை என்பதை அதன் பிரகடனங்களிலும் பார்க்க அதன் அற்ப விதிகளே தெளிவாகக் காட்டுகின்றன.

‘குறி இல்லாவிடின் சொந்த விமானமே சொந்த வண்டிமீது குண்டு வீசாதா? இலக்கம் இல்லாவிடின் எண்ணற்ற லொறிகளை எவ்வாறு கணக்கிடுவது?’ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். குறி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. எமது கேள்விகள் வேறு. அக்குறியை வகுப்பவர் யார்? அது பிழைத்தால் உயிர் துறப்பவர் யார்? பிழையைத் திருத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது?

1939 செப்டெம்பரில் ஹிட்லரின் படை போலந்தினுட் புகுந்தபோது அதன் டாங்கிகள் பெரிய வெண்சிலுவைகளைத் தாங்கிச் சென்றன. தம்மவர் தம்மை இனங்காண்பதற்கென மேலிடம் விதித்த குறி அது. தாய்நாட்டைக் காத்து நின்ற போலந்துப் பீரங்கிக்காரருக்கோ அச்சிலுவை குறிவைத்துச் சுடுவதற்கு வாய்த்த நல்ல இலக்காயிற்று. டாங்கிக்குள் இருந்தவர்கள் புதிய சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. சேற்றை வாரிச் சிலுவைமேற் பூசினர். சிலர் அதன் நடுப்பகுதியை வேறு வர்ணத்தால் மறைத்தனர். முழு வெண்சிலுவை கைவிடப்பட்டு, வெள்ளை ஓரங்கள் மட்டும் கொண்ட சிலுவை பொதுவழக்கானது அதன் பின்னரே. ஆக்கிரமிப்பாளர்மீது எமக்கு அனுதாபம் இல்லை. ஆயினும் உயிரைக் கொடுத்தவன் சில நாட்களிற் கற்றதை விதியை எழுதியவன் பிந்தியே கற்றான் என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்பாடத்தை எதிரணியினராவது இரவலாகப் பெற்றார்களா? இல்லை. அமெரிக்க வண்டிகளின் வெள்ளை நட்சத்திரமும் ஜேர்மன் பீரங்கிகளுக்கு அவ்வாறே இலக்காயிற்று. தூரத்திலிருந்து பார்க்கையில் அது ஜேர்மன் சிலுவைபோலத் தோன்றுகிறது என்பது புலனானதும், 1943இல் சிசிலிப் படையெடுப்பின்போது அதனைச் சுற்றி ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. இலக்கு மேலும் பெரிதாயிற்று! டாங்கிப் படையினர் பலர் நட்சத்திரத்தைச் சேற்றாலும் வர்ணத்தாலும் மறைத்தே போருக்குச் சென்றனர். பதிவிலக்கத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. முதலில் அது மங்கிய பச்சைப் பரப்பின்மேல் மங்கிய நீலத்தால் எழுதப்பட்டது. கிட்ட நின்றாலும் வாசிப்பது அரிது. வாசிக்க முடியாத இலக்கத்தை விதி வழுவாமல் எழுதி முடித்த பின்னரே வெள்ளை எழுத்துக்கு இடங்கிடைத்தது.

கீழே இருப்பவனின் அனுபவத்தை இறுமாப்பு மிகுந்த தலைமையும் ஒருநாள் ஏற்கவே நேர்கிறது. 1943 பெப்ரவரியில் ஜேர்மன் இராணுவம் தன் வாகனங்களுக்கு மஞ்சளை அடிவர்ணமாக விதித்தது. அதன்மேல் இடுவதற்குப் பச்சை வர்ணக் குழம்பும் செம்பழுப்புக் குழம்பும் படைப்பிரிவுகளுக்கே வழங்கப்பட்டன. பெற்றோலிலோ தண்ணீரிலோ கரைத்து, தாம் நிற்கும் நிலத்துக்கேற்பப் படையினரே பூசிக்கொண்டனர். தலையாட்டுதலையே அறமாகப் போற்றிய படையிற்கூட, காட்டையும் வயலையும் கண்ணாற் கண்டவனிடமே தூரிகை போய்ச் சேர்ந்தது.

இதுவரை கூறியவற்றில் விதி மூடத்தனமானது என்ற அளவிலேயே நிற்கலாம். அது கொடுமையானதும் ஆகும் என்பதற்கு 1990ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தினுட் புகுந்தது. ஐரோப்பியக் காடுகளுக்கெனப் பச்சை பூசப்பட்டிருந்த அமெரிக்க வாகனங்கள் சவூதி அரேபியத் துறைமுகங்களில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அவற்றைப் பாலைநிலத்தின் மணல்நிறத்துக்கு மாற்றும்படி கட்டளை பிறந்தது. பூசப்பட்டது சாதாரண வர்ணம் அன்று. நச்சுப் போர்ப்பொருட்கள் உள்ளே ஊறாதபடி தடுக்கும் விசேட பூச்சு அது. அதனை விசிறும்போது எழும் துகளில் ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் உண்டு. அது சுவாசக் குழாயைத் தாக்கும், ஆஸ்துமாவையும் உண்டாக்கும். சுத்தமான காற்றைக் குழாய்வழியே தரும் முகமூடி இன்றி அவ்வேலையைச் செய்தல் ஆகாது.

ஆனால் நடந்தது என்ன? போரின் பின் நோயுற்றோரின் முறைப்பாடுகளை ஆராய்ந்து அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே விடை கூறுகிறது: வர்ணம் பூசியவர்களுட் சிலர் தக்க முகமூடியும் போதிய பயிற்சியும் இன்றியே வேலையைத் தொடங்கினர். கவனியுங்கள். இரும்பை நஞ்சிலிருந்து காக்கும் பூச்சு கடல்கடந்து வேளைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பூசும் மனிதனைக் காக்கும் முகமூடி வந்து சேரவில்லை. அம்முகமூடி வேண்டும் என்பதை அறியாமலா இருந்தார்கள்? அறிந்தே இருந்தார்கள். அதற்கும் விதி இருந்தது. நிறம் பற்றிய விதி நிறைவேறியது. நுரையீரல் பற்றிய விதி ஏட்டில் உறங்கியது.

இது தற்செயலன்று. வாகனம் அரசின் சொத்து. அதன் மேற்பரப்பை அதிகாரி ஒரே பார்வையிற் பரிசோதிக்கலாம். குறை கண்டால் தண்டிக்கலாம். தொழிலாளியின் சுவாசமோ பார்வையிடும் நாளிற் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் இருமத் தொடங்கும்போது படை கலைந்துவிடும். அதன்பின் நோய்க்கும் வேலைக்கும் தொடர்புண்டு என்று நிரூபிக்கும் சுமையும் அவன் தோளிலேயே விழும்.

ஆசிரியரும் மாணவருமாகிய நாம் ஒழுங்கை வெறுப்பவர்கள் அல்லர். விதியை மனனஞ் செய்வதோடு நின்றுவிடாது, அதனைக் கேள்விக்குட்படுத்தவும் கற்க வேண்டியவர்கள். எழுத்தின் உயரத்தை அங்குலத்தால் அளக்கத் தெரிந்த அரசுக்கு, அவ்வெழுத்தை எழுதுபவன் எதைச் சுவாசிக்கிறான் என்பதையும் அளக்கத் தெரியும். அதை அளக்குமாறு கேட்போம். எந்த விதியேடு எம்முன் நீட்டப்பட்டாலும், தூரிகை பிடிப்பவனைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது, எழுதியது நிறைவேறியதா என்றே முதலில் வினவுவோம்.