ஆபத்துதவிகள் எத்தனை பேர்? சோறு போட்டது யார்?

மக்களே, பொன்னியின் செல்வன் படம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்தாலும் வந்தது, நம்ம பசங்களுக்கு ஜுரம் இன்னும் இறங்கவில்லை. ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கில் ஆபத்துதவிகளாம், வேளக்காரர்களாம். துர்க்கை முன்னால் சத்தியம், தவறினால் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வது, கூடவே கொஞ்சம் மந்திரம் மாந்திரீகம். அதோடு விட்டால் ரசித்துவிட்டுப் போகலாம். "அந்தப் படை எங்க ஆளுங்கதான்" என்று ஆளாளுக்குச் சாதிக்கொடி தூக்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்டார் வார்ஸ் ரசிகர்களைப் பாருங்கள். மொத்த அண்டத்துக்கும் காவலாக இருக்கும் ஜெடாய்கள் சுமார் பத்தாயிரம் பேர் என்று கதை சொல்கிறது. 'இத்தனை கோள்களுக்கு இது எப்படிப் போதும், கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் வளர்ப்பது நியாயமா' என்று வருஷக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். கற்பனைப் படைக்கே கணக்குக் கேட்கிறார்கள். நிஜமாகவே படைகள் இருந்த ஊர்க்காரர்கள் நாம், ஒரு கேள்வி கேட்பதில்லை.

சரி, நாம் கேட்போம். எத்தனை பேர்? யார் சேர்த்தார்கள்? சோறு போட்டது யார்?

சோற்றுக் கணக்குக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம விக்கிரவாண்டி வட்டத்திலேயே எண்ணாயிரம் இருக்கிறது. அங்கே பெருமாள் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. இளைய மாணவர் 270, மூத்த மாணவர் 70, ஆசிரியர் 14. இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவருக்கு 10 நாழி. பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 2,320 நாழி. கலத்துக்கு 96 நாழி என்றால் வருஷத்துக்கு ஏறத்தாழ 8,800 கலம். வெறும் 340 பிள்ளைகளுக்கு! ஊர்ப் பெயர்தான் எண்ணாயிரம், கல்வெட்டுக்காரன் எண்ணியது 340. கதைக்கும் கணக்குக்கும் உள்ள தூரம் அதுதான்.

இப்போது தஞ்சைப் பெரிய கோயில். அங்கே காவலுக்கு வந்த மெய்க்காப்பாளருக்கு வருஷக் கூலி 100 கலம் நெல். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஒரு பங்கு என்றால் அதே 100 கலம்தான். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும் கல்லில் இருக்கிறது. இந்தக் கூலியில் ஆயிரம் ரகசிய வீரர்களை வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒரு லட்சம் கலம். பெரிய கோயிலுக்கு நிலங்களிலிருந்து வந்த மொத்த நெல்லே ஒரு லட்சத்துச் சொச்சம்தான். பேரரசன் செய்யலாம். தலை போன பாண்டியனுக்காகக் காட்டில் ஒளிந்து திரிகிற கூட்டம் எந்தக் களத்திலிருந்து நெல் அளக்கும்?

அந்த ரவிதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி அவரை மந்திரவாதி ஆக்கினார், அது நாவலாசிரியரின் உரிமை. உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பது வேறு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் என்று பெயர் வருகிறது. பிரமாதிராயன் என்பது அரசன் கொடுக்கும் அதிகாரிப் பட்டம். அதாவது விரல் விட்டு எண்ணக்கூடிய, பட்டம் வாங்கிய, நிலபுலன் உள்ள உள்ளாட்கள். தண்டனை என்று கல்வெட்டு சொல்வதும் அவர்கள், அவர்களுடைய உறவினர்களின் சொத்துப் பறிமுதலைத்தான். மந்திரமும் இல்லை, ஆயிரம் பேரும் இல்லை.

வேளைக்காரர் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்கிற மாதிரி வரிசையாகப் பெயர்கள் உண்டு. 'தெரிந்த' என்றால் பொறுக்கி எடுத்த. முன்னால் நிற்பது அரசன் பெயர். கைக்கோளர் என்று பெயர் வரும் படைகளும் உண்டுதான். ஆனால் இலங்கையில் பொலன்னறுவைக் கல்வெட்டைப் பாருங்கள். புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்பதாக 12ஆம் நூற்றாண்டில் வேளைக்காரர் உறுதி கொடுத்தது அது. அதில் வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எல்லாரும் ஒரே படையில் நிற்கிறார்கள். எந்த ஒரு சாதியும் தனியாகப் பட்டா போட முடியாத கூட்டம்!

சத்தியத்தின் லட்சணமும் கேளுங்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் விஜயபாகு இவர்களைச் சோழர்மேல் படையெடுக்கச் சொன்னான். மறுத்தார்கள், கலகம் செய்தார்கள், அரண்மனையைக் கொளுத்தினார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. கூலிக்கு வந்த மனிதர்கள், ஓர் இடத்தில் 'முடியாது' என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை அறுத்துக்கொள்கிறவனைவிட இவன்தான் எனக்கு மனிதனாகத் தெரிகிறான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? 'தலைவனுக்காக உயிரைக் கொடு' என்ற வசனம் சோழரோடு முடியவில்லை. கட்டவுட்டுக்குப் பால் ஊற்ற ஏறுகிறவனிடமும், சாதிச் சங்கத்துக்கு லாரியில் போகிறவனிடமும் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். நம் வகுப்புப் பசங்களும் அதில் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த தடவை யாராவது "நீ வீரப் பரம்பரைடா, வா" என்று கூப்பிட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? யார் ஆள் எடுக்கிறது? நான் செத்தால் என் வீட்டுக்கு எத்தனை கலம் நெல்?

பதில் வராது. நீங்கள் பாட்டுக்கு வகுப்புக்குப் போகலாம்.