தற்காலிகம் என்னும் சொல்

'தற்காலிகம்' என்னும் சொல்லைப் போல மனிதரை ஏமாற்றும் சொல் பிறிதொன்று உண்டோ என நாம் ஐயுறுவதுண்டு. புத்தளக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு இவ்வையம் எழுதல் இயல்பே. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களிலே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். தென்னந்தோப்புகளில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. சில கிழமைகளில் திரும்பிவிடலாமென வந்தவரும் எண்ணினர், இடங்கொடுத்தவரும் எண்ணினர். அக்குடிசைகளிற் பிறந்த பிள்ளைகளோ 'அகதி' என்ற பெயருடனேயே வளர்ந்து, மணமுடித்து, தாமும் பெற்றோராயினர்.

ஆயினும் அவர்கள் இந்நாட்டுக் குடிகள். நாட்டை விட்டே போ என்று எவரும் அவர்களைச் சொல்லவியலாது. வேற்றுநாட்டில் அடைக்கலம் கேட்டு நிற்பவன் நிலை அதுவன்று. உயிருக்கு ஆபத்துள்ள இடத்திற்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. ஆனால் அவனை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று அது எந்நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த இடைவெளியிலேதான் தற்காலிகப் பாதுகாப்பு என்னும் ஏற்பாடு தோன்றியது.

2012இல் சிலாபம், உடப்பு முதலிய எமது ஊர்களிலிருந்தும் மீன்பிடிப் படகுகளில் ஆட்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். அவ்வாண்டில் மட்டும் இலங்கையர் 6,000க்கு மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர். உயிருக்கு அஞ்சிச் சென்றவர் உண்டு. உழைப்பை நாடிச் சென்றவரும் உண்டு. இதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

1999இல் கொண்டுவந்து 2008இல் கைவிட்ட தற்காலிகப் பாதுகாப்பு வீசாவை அவுஸ்திரேலியா 2014 டிசம்பரில் மீண்டும் சட்டமாக்கியது. விசாரித்து உண்மை அகதியென ஏற்றுக்கொண்டவர்க்கும் மூன்று ஆண்டு. மற்றொரு வகையில் ஐந்து ஆண்டு. தொழில் செய்யலாம், வைத்திய வசதி பெறலாம். தவணை முடிந்ததும், ஊரில் ஆபத்து இன்னும் உண்டென மறுபடியும் நிறுவ வேண்டும். மனைவி மக்களை அழைக்க வழியில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பினால் அடைக்கலமே கேள்விக்குள்ளாகும். உடப்பிலே திரௌபதையம்மன் தீமிதிப்பு ஆண்டுதோறும் வரும்; அவன் வாரான். தாய் இறந்தால் கொள்ளி வைக்கவும் வாரான். அனுப்பும் பணம் மட்டும் தவறாது வரும்.

படகோட்டம் நிற்க வேண்டுமாயின் இத்தகைய கடுமை வேண்டும் என்பது அரசினர் வாதம். மக்களைப் பழுதான படகுகளில் ஏற்றிக் கடலில் விடும் தரகர்களை அடக்குவதில் எமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் 2001 ஒக்டோபரில் நடந்ததையும் நினைத்தல் வேண்டும். இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட படகொன்று கவிழ்ந்து 353 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தற்காலிக வீசாவில் இருந்த கணவரிடமும் தந்தையரிடமும் சென்றுசேர வேறு வழியின்றிக் கடலேறியோர் அவர்களிற் பலர். குடும்பத்தைப் பிரித்து வைத்த சட்டம் படகைத் தடுக்கவில்லை. அதில் ஏறும் ஆளைத்தான் மாற்றியது.

2023 பெப்ரவரியில் அந்நாடு வழியைத் திறந்தது. இவ்வகை வீசா பெற்றிருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர வதிவிடத்திற்கு விண்ணப்பிக்கலாயினர். குடும்பத்தை அழைக்கும் உரிமையும் அதனால் வந்தது. 2012இல் தந்தை புறப்பட்ட வேளையில் தொட்டிலிற் கிடந்த குழந்தை, அதற்குள் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதும் வயதைக் கடந்துவிட்டது. அக்குழந்தைக்குத் தந்தை என்பவர் தொலைபேசியிற் கேட்கும் குரலே.

விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை இவ்வழி சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுள் இலங்கைத் தமிழரும் பலர். அவ்வப்போது புதுப்பிக்கப்படும் இடைக்கால வீசா ஒன்றை வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு மேலாக அங்கே வேலை செய்து, வரி கட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். எமது கடற்கரை ஊர்களில் அவர்களின் மனைவியர் கேட்பதெல்லாம் ஒன்றே: உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு முடிவைச் சொல்லிவிடுங்கள்.