நாயின் ஈரலும் மனிதரின் அளவுகோலும்

யாழ்ப்பாணத்தில் நாய்க்கு நோய் வந்தால் இப்போது குருதிப் பரிசோதனையும் செய்கிறார்கள். நல்ல மாற்றந்தான். ஆனால் அந்த அறிக்கையை வாசிப்பவர் யார்? அது வைபரில் ரொறன்ரோவுக்குப் போகிறது. அங்கிருக்கும் மகன் இணையத்தைத் துழாவி, "ஈரல் முடிந்துவிட்டது" என்று தீர்ப்பெழுதி அனுப்புகிறார். மறுநாள் நாய் சந்தையடியில் விடப்படுகிறது. இதற்குப் பெயர் வைத்தியமா?

அண்மையில் என் கைக்கு வந்த அறிக்கையொன்றில் ஏ.எல்.ரி. 78 என்றிருந்தது. பக்கத்தில் "அதிகம்" என்ற குறிப்பு. படிவத்தில் அச்சிடப்பட்டிருந்த மேல் எல்லை 40. அது மனிதருக்குரியது! நாய்க்கு 100 வரையிலோ சற்று மேலோ இயல்பென்று கொள்வதே பெரும்பாலான ஆய்வுகூடங்களின் வழக்கம். நோயே இல்லாத பிராணிக்கு மனிதரின் அளவுகோலால் மரண தண்டனை.

ஏ.எல்.ரி. என்பது ஈரற்கலங்கள் சேதமுறும்போது குருதியிற் கசியும் நொதியம். கசிவைக் காட்டுமேயன்றி ஈரல் எவ்வளவு வேலை செய்கிறதென்பதைக் காட்டாது. அதற்கு அல்புமினையும் பிலிரூபினையும் பித்த அமிலத்தையும் பார்க்கவேண்டும். கலங்கள் பெருமளவு அழிந்து சுருங்கிப்போன ஈரலில் ஏ.எல்.ரி. இயல்பாகவே இருக்கவும் கூடும். கசிவதற்குக் கலம் வேண்டுமல்லவா?

ஏ.எல்.பி.யின் கதை இன்னும் வேடிக்கை. சொறிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பிரெட்னிசொலோன் குளிசையை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். இத்தகைய மருந்துக்கு நாயின் ஈரல் தனிவகை ஏ.எல்.பி.யைச் சுரக்கும், பூனைக்கு இந்த இயல்பு கிடையாது. அளவு பல மடங்கு உயர்ந்ததும் "ஈரல் பழுது" என்று பயந்து ஈரல் ரொனிக் வாங்குகிறார்கள். குளிசையை விற்றவரே ரொனிக்கையும் விற்கிறார்! (அதற்காகக் குளிசையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். வைத்தியர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்கவேண்டும்.) வளரும் குட்டியில் எலும்பிலிருந்தும் இந்நொதியம் வரும். காய்ச்சலென்று கைக்கணக்கில் கொடுக்கும் பரசிற்றமோலோ ஈரலை உண்மையாகவே அழிக்கும்.

அப்படியானால் இலக்கங்களை அலட்சியம் செய்யலாமா? கூடவே கூடாது. 2024 டிசெம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் மனித உயிர்களைப் பறித்தது. அதே கிருமி நாயையும் தாக்கும். சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். நாயின் சிறுநீர் வழியே வீட்டாருக்கும் தொற்றும். வெள்ளம் வடிந்த காலத்தில் வாந்தியும் மஞ்சட் கண்ணுமாகக் கிடக்கும் நாயின் உயர்ந்த ஏ.எல்.ரி. அவசரச் செய்தி. துள்ளி விளையாடும் நாயில் அதே இலக்கம், சில கிழமைகள் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டிய ஒரு குறிப்பு. நாயைப் பாராமல் தாளை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

மிருக வைத்தியபீடம் பேராதனையில் இருக்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். நோயாளி நாயை அவ்வளவு தூரம் கொண்டு செல்லென்று எவரிடமும் சொல்ல முடியாது. ஆனால் நாயின் குருதியைக் காசு வாங்கிச் சோதிக்கும் ஆய்வுகூடங்கள், நாய்க்குரிய எல்லைகளை அச்சிடலாமே! படிவத்தில் ஒரு நிரலை மாற்ற மாகாண சபையும் வேண்டாம், மத்திய அரசும் வேண்டாம்.